காதைத் தொட்ட கை

என் வலது கை என்னோடு கோபித்துக்கொண்டது தொண்ணூற்றேழாம் வருஷத்து ஐப்பசி மழையில். அதற்கு முன்னாலேயே முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் தோளுக்குள் சுள்ளென்று குத்தும். காலையில் ரவிக்கைக்குள் கையை நுழைக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். பால் வெட்டுகிறவளுக்குத் தோள் வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் கொடியில் சேலையைப் போடக் கையைத் தூக்கினேன். நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நான் தூக்கத் தூக்கத் தோள்தான் காதுப் பக்கம் ஏறியதே தவிர, கை ஏறவில்லை. ஈரச் சேலை தரையில் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரவனெல்லயிலிருந்து உள்ளே ஏறிப் போனால் வருகிற மாகல தோட்டம்தான் எங்களுக்கு. ரப்பர் தோட்டம். என் பெயர் மூக்காயி. எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரத்தருகில் நின்று கத்தியைச் சரிவாக இழுத்துப் பட்டையைச் சீவினால் பால் வடிந்து சிரட்டையில் விழும். புது மரத்தில் நெஞ்சுக்கு நேரே வெட்டத் தொடங்குவோம். வருஷம் போகப் போக வெட்டு இறங்கிக்கொண்டே வந்து முழங்காலுக்குக் கீழே போய்விடும். நாமும் அதோடு குனிந்துகொண்டே போவோம். கீழ்ப்பட்டை முழுக்கத் தீர்ந்துவிட்டால் தலைக்கு மேலே மேல்பட்டையைத் திறப்பார்கள். அப்போது காலையிலிருந்து கை தலைக்கு மேல்தான். எங்கள் மலையில் கீழ்ப்பட்டை தீரும் காலம். சித்திரை வருஷப் பிறப்பு முடிந்ததும் மேல்பட்டை என்று தோட்டத்தை நடத்துகிற தொரை சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் என் கை படுத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் இராமையாவின் பேர், தோட்டத்தைக் கம்பெனி எடுத்தபோதே செக்ரோல் என்கிற வேலைப் பதிவிலிருந்து போய்விட்டது. அவர் தோட்டத்துக்கு வெளியே நாட்டுப் பக்கம் விறகு பிளக்கப் போவார். தோட்டம் கொடுத்த வரிசை வீடு, லயத்துக் காம்பரா, என் பேரில் நின்றது. வீட்டில் ஒரு ஆளாவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யவேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைக் காலி பண்ணச் சொல்வார்கள். நான் விழுந்தால் அடுத்த பேர் சுஜீதா. எங்களுக்கு ஒரே மகள். டவுன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு, ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள், வருகிற ஆகஸ்டில் சோதனை. அவளுக்கு டீச்சர் ஆகவேண்டும். எனக்கோ அவள் கையில் வெட்டுக் கத்தி ஏறக் கூடாது. அதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

கத்தியை நான் எப்போதும் வாசல் நிலைக்கு மேலே, விட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் சொருகி வைப்பேன். விடியற்காலையில் வெளிச்சம்கூட வேண்டாம், கையை மேலே விட்டால் பிடி அகப்படும். கை படுத்த பிறகு கத்தி அங்கேயே கிடந்தது. நான் அண்ணாந்து அதைப் பார்ப்பதும், உள்ளே போவதுமாக இருந்தேன்.

தோட்டத்து மருந்து ஐயா கையைத் திருகிப் பார்த்தார். நான் கத்திய கத்தலில் வெளியே நின்ற நாய் ஓடிவிட்டது. அவர் நல்ல மனுஷன். லேசு வேலைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். வைகாசி முடியும்வரை மலைக்குப் போகவேண்டாம், ஸ்டோரில் உட்கார்ந்து, காய்ந்த ஒட்டுப்பாலில் ஒட்டின பட்டையும் தூசியும் பொறுக்கினால் போதும். அதற்கு இடது கை ஒன்றே காணும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்காரருக்கு என்மேல் பாசம் பொங்கிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வெத மாத்தயாவிடம், சிங்கள வைத்தியரிடம், கூட்டிப் போனார். அவர் எண்ணெய் பூசி, இலை வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார். கொஞ்சமும் அசைக்கக் கூடாது என்று சிங்களத்தில் இவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். இவர் அதை லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் கைக்கு லயமே காவல். பக்கத்துக் காம்பரா பிரேமலதா நான் குடத்தைத் தொட்டால் ஓடி வந்து பிடுங்குவாள். சுஜீதா பள்ளிக்கூடம் போகுமுன் எனக்குத் தலை சீவிப் பின்னி விடுவாள். ஒரு நாள் சிரிப்புக்கு எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பனும் கட்டிவிட்டாள். ரவிக்கை ஊக்குப் போடுவது என் வீட்டுக்காரருடைய வேலை. கல்யாணமான புதிதில்கூட இந்த மனுஷன் என் ஊக்கோடு இவ்வளவு மல்லுக்கட்டியதில்லை. விறகு பிளக்கிற விரலுக்குள் ஊக்கு அகப்படாது. அவர் நெற்றியில் வேர்வை வழியும், நான் சிரிப்பேன், பிறகு அழுகை வரும்.

மார்கழியில் கட்டை அவிழ்த்தார்கள். கை நெஞ்சை விட்டு வர மறுத்தது. ஒரு சாண் தூரம் விலகியது, அவ்வளவுதான். இவ்வளவு பேர் இவ்வளவு பாசமாகப் பார்த்ததற்கு அதுதான் கண்ட பலன். மருந்து ஐயா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி செய்விக்கிற அறை ஒன்று இருந்தது. அங்கே இருந்தது ஸாஹிரா நோனா. மாவனல்லைக்காரி, தலையில் முக்காடு, பேச்சில் சிரிப்பு. தமிழில் பேசினாள், எனக்குப் பாதி நோய் அப்போதே போனது மாதிரி இருந்தது. துணி கட்டின கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அசைக்காம வச்சா சரியாப் போகும் எண்டு யார் சொன்னது? மழையில கெடந்த கேட் மாதிரி ஈக்கிது இது. தொறக்காம வச்சா இன்னும் துருப் புடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா ஆட்டி ஆட்டித்தான் எடுக்கோணும்.”

“நோவுதே நோனா.”

“நோவும்தான். பொறுக்கக்கூடிய நோவு வரைக்கும் போங்க, அங்க நிண்டு மூச்சு விடுங்க, பொறகு இறக்குங்க. இழுத்து ஒடைக்கத் தேவல்ல. ஆனா ஒவ்வொரு நாளும் செய்யோணும், விடியவும் பின்னேரமும். தல சீவ, சட்ட போட, பொறத்துல சொறிய, எல்லாத்துக்கும் இந்த மூட்டு எளகினாத்தானே.”

அவள் செய்து காட்டினாள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுக் கிணற்று வாளி மாதிரி ஆட்டுவது. முதுகுக்குப் பின்னால் துவாயைப் பிடித்து நல்ல கையால் கெட்ட கையை மேலே இழுப்பது. சுவரில் விரல்களை வைத்து, நண்டு ஏறுகிற மாதிரி மெல்ல மேலே நடத்துவது. அந்த நண்டுதான் எனக்குப் பிடித்தது. எவ்வளவு தூரம் ஏறவேண்டும் என்று கேட்டேன். அவள் தன் கையை நேரே மேலே தூக்கினாள். மேல்கை காதில் உரசியது.

“இப்பிடிக் காதுல முட்டோணும். ஆனா ஒண்ட மறக்காதீங்க. கை மேல போறது ஒரு வேல. மேல நிண்டு பாடுபடுறது வேற வேல. முட்டினதுக்குப் பொறகும் பெலன் வர மாசம் எடுக்கும். அவசரப்பட்டீங்க எண்டா திரும்பவும் புடிச்சுக்கும்.”

எனக்கு வைகாசி வரைக்கும் துண்டு இருக்கிறது, போதுமா என்று கேட்டேன். விடாமல் செய்தால் போதும் என்றாள். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. கத்தியை விட்டத்திலிருந்து நானே எடுப்பேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தோடு எங்கள் சங்கத்துத் தோட்டத் தலைவர் இராமசாமியிடம் வாயைக் கொடுத்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கசரத்து பண்றத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத தங்கச்சி. துண்டு வாங்குனவ கைய ஆட்டிக்கிட்டு நின்னா என்னா நினைப்பாங்க? நல்லையா கதை மறந்து போச்சா?”

மறக்கவில்லை. நல்லையா மேல் லயத்து ஆள். இடுப்புப் பிடிப்பு என்று துண்டு வாங்கி ஸ்டோரில் இருந்தவர். ஒரு நாள் மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்ததும், கடையிலிருந்து அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். மலையை மேற்பார்க்கிற கண்டக்டர் பார்த்துவிட்டார். மறுநாள் துண்டு செல்லாது என்று மலைக்கு அனுப்பினார்கள். அந்த வருஷமே படுத்தவர்தான், இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். எங்கள் தோட்டத்தில் சுகமில்லாதவள் சுகமில்லாதவளாகத் தெரியவேண்டும். பாதி சுகம் என்று ஒன்று செக்ரோலில் கிடையாது. ஒன்று கை இல்லை, அல்லது கை இருக்கிறது, இருந்தால் மலைக்குப் போ.

ஆகவே நான் ஸ்டோருக்குப் போகும்போது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். பகலில் கதவைச் சாத்துகிற வழக்கம் லயத்தில் யாருக்கும் இல்லை. செத்த வீட்டில்கூடத் திறந்துதான் இருக்கும். ஆகவே என் வீட்டுக்காரரை வாசலில் உட்கார வைத்தேன். யாராவது வந்தால் இருமவேண்டும் என்பது ஏற்பாடு. அவருக்கு நடிக்கத் தெரியாது. யார் வந்தாலும் மூச்சு நின்றுவிடுகிற மாதிரி இருமுவார். பிரேமலதா அவருக்கு ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்து, அங்கேயே நின்று குடிக்க வைத்தாள். நான் உள்ளே துவாயோடு நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

“பட்டப் பகல்ல கதவ சாத்திக்கிட்டு அக்கா என்னா பண்றாங்க?” என்று அவள் கேட்பது கேட்டது.

“கைக்கு எண்ண பூசுது” என்றார் இவர்.

நண்டு ஏறிய இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு புள்ளி வைப்பேன். சுண்ணாம்பு அடித்த சுவரில் புள்ளிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறின. சில வாரம் ஒரே இடத்தில் நின்றுவிடும். மழை பெய்தால் ஒரு புள்ளி கீழே இறங்கும். அப்போது அந்தச் சுவரைக் காலால் உதைக்கவேண்டும் போல ஆத்திரம் வரும். சுஜீதா படிக்கிற மேசையும் அந்தச் சுவரோரம்தான். அவள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே, “அம்மா, மூச்ச அடக்காதீங்க, விடுங்க, நோனா சொன்னாங்கல்ல” என்பாள். தை மாதத்தில் என் தலையை நானே முடிந்தேன். கோணல் முடிச்சுத்தான். அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வெளியே போகுமுன் மறக்காமல் அதை அவிழ்த்துவிட்டு அவளே பின்னிவிட்டாள். நானே முடிந்த மாதிரி தெரியக் கூடாதே.

மாசியில் ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி நிற்கும். வெட்டு குறைவு, பால் குறைவு. இலை துளிர்த்து வரும்போது பங்குனியில் எங்கள் மாரியம்மனுக்குத் திருவிழா. அந்த வருஷமும் கரகம் ஆற்றங்கரையில் பூ ஜோடித்துப் பாலித்து, தப்பு முழங்க மேலே வந்தது. நான் புதுச் சேலை கட்டி, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கோயில் வாசலில் பெண்களோடு நின்றேன். நான் வரவே வேண்டாம் என்று இருந்தவள். பிரேமலதாதான் விடவில்லை. அம்மனைப் பார்க்காமல் வீட்டில் இருந்தால் கை எப்படிச் சுகமாகும் என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

கரகம் எங்களுக்கு நேரே வந்தபோது சூடம் கொளுத்தினார்கள். கரகம் ஒரு சுற்றுச் சுற்றியது. எங்கும் குலவை. எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் நெஞ்சுக்கு நேரே கும்பிட மாட்டார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித்தான் கும்பிடுவார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து நானும் அப்படித்தான். கட்டுப்பாடாகத்தான் நின்றேன். இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்திருந்தேன். அம்மா தாயே, என் பிள்ளை படிக்கட்டும், அது போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணைத் திறந்தபோது என் இரண்டு கையும் மேலே இருந்தன.

வலது மேல்கை காதில் உரசிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குச் சுஜீதா பிறந்தபோதுதான் வந்தது. கதவைச் சாத்தி, பல்லைக் கடித்து, புள்ளி புள்ளியாக ஏறின கை அது. ஸாஹிரா நோனா இதைப் பார்க்கவேண்டுமே என்று நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் குலவை நின்றுபோயிருந்தது. தப்புக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிரேமலதாவின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு அவள் என் காலில் விழுந்தாள்.

“அம்மா குடுத்துட்டா. மூக்காயக்காவுக்குக் கையக் குடுத்துட்டா.”

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பூசாரி விபூதியை அள்ளித் தோளில் பூசினார். அம்மனைக் கும்பிட்டவர்கள் என்னையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை விஜேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். எங்கள் லயத்தில் பிறந்து வளர்ந்த பையன், சட்டையைக் கழற்றி இடுப்பில் வேட்டி கட்டி நின்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“அக்கா, இன்னொருக்கா தூக்குங்க, அம்மாவுக்கும் காட்டணும்” என்று தன் தாயைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தான்.

நான் என்ன சொல்வேன்? அம்மன் கொடுக்கவில்லை, இது நான் கதவைச் சாத்திக்கொண்டு செய்த பயிற்சி என்றால், இவ்வளவு நாளும் கையை வயிற்றோடு கட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றினவள் நான். அம்மன்தான் கொடுத்தாள் என்றால் கை முழுக்கச் சுகம், அம்மன் பாதிக் கையா கொடுப்பாள்? எந்தப் பக்கம் போனாலும் நிற்பது மேல்பட்டையில்தான். என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நான் கையை இன்னொரு தடவை தூக்கினேன். அவனுடைய அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வருஷப் பிறப்பு முடிந்து பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது, மேல்பட்டை மலைக்கு என் பேரையும் கூப்பிட்டார்கள். செய்தி தொரைவரைக்கும் போயிருந்தது. அவர் வீட்டு நோனாகூட அம்மனுக்கு ஒரு தட்டுப் பழம் அனுப்பினாராம். நான் விஜேந்திரனிடம் தனியாகப் போய்ச் சொன்னேன்.

“தம்பி, கை மேல போகுது, நெசந்தான். ஆனா நின்னு வெட்டப் பெலன் வரல. துண்டுல இருக்கிற வைகாசி வரைக்கும் விட்டுடு. ஆஸ்பத்திரி நோனா அப்பிடித்தான் சொன்னாங்க.”

அவன் தலையைச் சொறிந்தான். “நான் என்னா செய்யட்டும்க்கா? ஊரே பாத்துச்சு. தொரகிட்ட நான் போயி அம்மா குடுத்த கை சரியில்லன்னு சொல்லவா?”

அவனைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அவன் நம்பினதைத்தான் சொன்னான்.

விடியற்காலையில் எழுந்து வாசல் நிலைக்கு மேலே கையை விட்டேன். கத்தியின் பிடி அகப்பட்டது. நானே எடுத்தேன். ஆசைப்பட்ட மாதிரி எடுத்தேன். எடுத்த கையைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

முதல் வரிசை மரங்களை நன்றாகவே வெட்டினேன். பட்டை சுருண்டு விழுந்தது, பால் வரிசையாக வந்தது. வெயில் ஏறுமுன் தோளில் சூடு ஏறியது. ஒவ்வொரு மரத்துக்கும் கை கொஞ்சம் தாழ்ந்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். கத்தி நடுங்கிப் பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியது. அப்படி இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவளைத் திட்டுகிற மாதிரி என்னைத் திட்டினார். நான் வெட்டின காலத்தில் அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். நான் அடுத்த மரத்துக்கு நகர்ந்தேன்.

அந்த வாரம் முடியவில்லை, கை நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தேன். மருந்து ஐயாவிடம் போனேன். அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியாம இல்ல, மூக்காயி. ஆனா இன்னொரு துண்டு குடுத்தா தொர என்கிட்ட கேப்பாரு. கோயில்ல தூக்கின கை டிஸ்பென்சரிக்கு வந்தா மட்டும் ஏன் எறங்குதுன்னு கேப்பாரு.”

தலைவரிடம் போனேன். அவர் பெருமூச்சு விட்டார், தேத்தண்ணி கொடுத்தார். சங்கத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பேசினாரோ இல்லையோ, பதில் வரவில்லை. லயத்தில் வேறு பேச்சுக் கிளம்பிவிட்டது. அம்மன் கொடுத்ததை அம்மனே திரும்ப எடுத்துக்கொண்டாளாம். என்ன தீட்டோ, என்ன குற்றமோ என்று பிரேமலதாவே குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆறு மாதமாக என் குடத்தைப் பிடுங்கித் தூக்கினவள் அவள். அதுதான் தோளைவிட வலித்தது.

பிறகு ஒரு பின்னேரம் விஜேந்திரன் வீட்டுக்கு வந்தான். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அக்கா, வெட்டாம நின்ன நாள் கூடிப்போச்சு. பேர வெட்டப் போறாங்க. நான் தொரகிட்டக் கெஞ்சி ஒரு வழி கேட்டேன். ஒங்க பேர சுஜீதாவுக்கு மாத்திக்கலாம். காம்பராவும் நிக்கும். நாளைக்கே வந்தாத்தான் சரி, இல்லாட்டி வெளி ஆள எடுத்துருவாங்க.”

நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். சுஜீதா சுவரோரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் கத்தினேன். என் பிள்ளை படிக்கிற பிள்ளை, காம்பரா போனால் போகட்டும், தெருவில் படுப்போம் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். தெருவில் படுப்போம் என்று சொல்வது சுலபம். எந்தத் தெரு என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. வெற்றிலையை மடித்து மடித்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். சுஜீதா ஒரு பக்கத்தைப் படித்து முடித்துத் திருப்பினாள். பிறகு புத்தகங்களை அடுக்கிவைத்துவிட்டு வந்து என் தலையை அவிழ்த்துச் சீவினாள். நான் மெதுவாக அழுதேன். அவள் நிறுத்தாமல் சீவிக்கொண்டே இருந்தாள்.

“டீச்சராவுறதுக்கு அடுத்த வருசமும் சோதன எழுதலாம்மா” என்றாள். அதை அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

விடியற்காலையில் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். சுஜீதா என் பழைய பாவாடையும் தகப்பனின் சட்டையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், தோள் விடவில்லை. அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையை மேலே விட்டாள். என்ன சுலபமாகப் போனது அந்தக் கை. மேல்கை காதை உரச, கத்தியின் பிடி விரலுக்குள் வந்தது. பல்லைக் கடிக்கவில்லை, மூச்சை அடக்கவில்லை. நான் மாதக் கணக்கில் ஏறின சுவரை அவள் ஒரு கை வீச்சில் ஏறிவிட்டாள். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, “கதவ சாத்திடட்டுமாம்மா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் பிரட்டுக் களத்துக்கு இறங்கிப் போனாள். என் வீட்டுக்காரர் அவள் பின்னால் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, பாதியில் நின்றுகொண்டார்.

வெளிச்சம் வந்தபிறகு நான் எழுந்தேன். சுவரில் கரிப் புள்ளிகள் ஏறிக்கொண்டு போயின. கீழே, முதல் புள்ளியில் விரலை வைத்து நண்டை ஏற்றினேன். நோவு வந்த இடத்தில் நின்று மூச்சு விட்டேன். வாசல் வழியே போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பிரேமலதாவும் குடத்தோடு நின்று பார்த்தாள். யாரும் இருமவில்லை. கதவு திறந்தே கிடந்தது, இனி அதைச் சாத்தவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.